ஸ்ட்ரெஸ் இன்ஜினியர் இன்டர்வியூ: விமான நிறுவனங்களில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமதமாகப் போவது, அந்த நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்றே பார்க்காமல் போவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. விமானக் கட்டமைப்புப் பிரிவில் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் (சுமை ஏறும்போது பாகம் தாங்குமா என்று கணக்கிடுவது) வேலைக்கு வரும் பிள்ளைகள், நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, சறுக்குவது வேறு இடங்களில். இந்தத் துறையில் இருக்கும் பலரும் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைப் புது முகங்களும் செய்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கைக்கணக்கு இல்லாமல் கலர் படத்தைக் காட்டுவது

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். லேப்டாப்பைத் திறந்து இறுதியாண்டு ப்ராஜெக்டைக் காட்டுவார்கள்: பிராக்கெட்டின் அடியில் சிவப்பு (அதிக ஸ்ட்ரெஸ்), நுனியில் நீலம் (குறைந்த ஸ்ட்ரெஸ்). "மேக்ஸிமம் ஸ்ட்ரெஸ் 412 மெகாபாஸ்கல் சார்." எதிரில் இருப்பவர் கேட்பார்: "மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பாகத்தைப் பிரித்த சிறு கட்டங்களை, இன்னும் பாதியாக்கினால் அந்த 412 என்ன ஆகும்?" "இன்னும் துல்லியமாகும் சார்." அந்தப் பதிலோடு வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

துல்லியமாகாது, ஏறிக்கொண்டே போகும். ஒரு முனையில் எல்லா நகர்வையும் பூட்டிவிட்டால் அந்த விளிம்பில் பொருள் பக்கவாட்டில் சுருங்கவும் வழியில்லை. அங்கே வரும் ஸ்ட்ரெஸ் உங்கள் பவுண்டரி கண்டிஷன் (எங்கே, எப்படிப் பூட்டினீர்கள் என்பது) உண்டாக்கியது. உண்மையான பிராக்கெட்டில் அங்கே ஃபில்லெட் (வளைவாக்கிய மூலை) இருக்கும், போல்ட் இருக்கும்.

படத்தைத் திறப்பதற்கு முன் காகிதத்தில் ஃப்ரீ பாடி டயக்ராம் (பாகத்தைத் தனியாக வரைந்து எல்லா விசைகளையும் குறிக்கும் படம்) போடுங்கள். உதாரணத்துக்கு, 200 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் கொண்ட அலுமினியப் பட்டை. ஒரு முனை பூட்டியது, மறுமுனையில் தடிமன் திசையில் 500 நியூட்டன். அடியில் மொமென்ட் (விசை × தூரம்) 1,00,000 நியூட்டன் மி.மீ. செக்‌ஷன் மாடுலஸ் 25 × 10² / 6, அதாவது சுமார் 417 மி.மீ.³ (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டின் அளவு). மொமென்ட்டை இதனால் வகுத்தால் ஸ்ட்ரெஸ் 240 மெகாபாஸ்கல். பொருளின் விறைப்பைச் சொல்லும் யங்ஸ் மாடுலஸ் 72,000 மெகாபாஸ்கல் என்று வைத்தால் நுனி சுமார் 8.9 மி.மீ. இறங்கும்.

இனி சாஃப்ட்வேரில் மூன்றைப் பாருங்கள். பூட்டிய முனையில் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை 500 வருகிறதா? நுனி இறக்கம் 9 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கிறதா? பாதி நீளத்தில், விளிம்புத் தொல்லை எட்டாத இடத்தில், மேற்பரப்பு ஸ்ட்ரெஸ் 120 வருகிறதா? மூன்றும் பொருந்தினால்தான் சிவப்பைப் பற்றிப் பேசலாம். இதைச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டுபவரிடம் கேள்வி கேட்கும் விதமே மாறிவிடும்.

அடுத்த கேள்வி மார்ஜின், அதாவது தேவைக்கு மேல் எவ்வளவு வலிமை மிச்சம் என்பது. அனுமதிக்கும் ஸ்ட்ரெஸ் (அலவபிள்) யீல்டுக்கு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் நிலைக்கு, 290, அல்டிமேட்டுக்கு, அதாவது உடையும் நிலைக்கு, 440 மெகாபாஸ்கல் என்று கேள்வியில் கொடுத்தால், பலர் 440-ஐ 240-ஆல் வகுத்து "1.83, சேஃப்" என்று முடித்துவிடுவார்கள். பெரிய விமானங்களுக்கான விதிகளான அமெரிக்க எஃப்.ஏ.ஆர். 25, ஐரோப்பிய சி.எஸ். 25 இரண்டுமே லிமிட் லோடை (பயன்பாட்டில் எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமையை) 1.5-ஆல் பெருக்கி அல்டிமேட் லோடு எடுக்கச் சொல்கின்றன. லிமிட்டில் தீங்கான நிரந்தர வளைவு இருக்கக்கூடாது. அல்டிமேட்டை 3 விநாடி தாங்க வேண்டும். மேலே வந்த 240-ஐ லிமிட் லோடின் ஸ்ட்ரெஸ் என்று கொண்டால், யீல்டுக்கு 290/240 − 1 = 0.21. அல்டிமேட்டுக்கு (240 × 1.5 = 360) 440/360 − 1 = 0.22. இரண்டையும் போட்டுச் சிறியதைச் சொல்லுங்கள். இந்த உதாரணத்தில் முந்திக்கொள்வது யீல்டு என்பதைக் கவனியுங்கள். அல்டிமேட்டை மட்டும் பார்ப்பவர் அதைத் தவறவிடுவார்.

யூனிட்டைச் சொல்லாமல் எண்ணைச் சொல்வது

மி.மீ., நியூட்டன், மெகாபாஸ்கல் என்று வேலை செய்தால் நிறை டன்னில்தான் வரவேண்டும். அலுமினியத்தின் அடர்த்தி 2.8 × 10⁻⁹ டன்/மி.மீ.³. கிலோ என்று நினைத்து 10⁻⁶ போட்டால் நிறை ஆயிரம் மடங்கு கூடி, இயல் அதிர்வெண் சுமார் 32 மடங்கு குறைந்துவிடும். ஸ்டாட்டிக் லோடு மட்டும் கொடுத்துப் பார்த்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. 1999-ல் செவ்வாய்க்கு நாசா அனுப்பிய மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததும் யூனிட் குழப்பத்தால்தான்: ஒரு பக்கம் பவுண்டு விசை, மறுபக்கம் நியூட்டன்.

ஃபேட்டீக்கை மறப்பது

ஃபேட்டீக் என்பது திரும்பத் திரும்ப வரும் சுமையால் பாகம் மெல்ல விரிசல் விடுவது. மார்ஜின் பாசிட்டிவ் என்றதும் இதைப் பார்க்காமல் நிறுத்திவிடுகிறார்கள். உயரப் பறக்கும் பயணி விமானத்தின் உடல் ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறை காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. 1988-ல் மேற்கூரையின் ஒரு பகுதி பிய்ந்துபோன அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 அதற்குள் 89,680 முறை பறந்திருந்தது. உங்கள் பாகத்தில் எந்தத் துளை, எந்த மூலை, எத்தனை சைக்கிள் என்று யாரும் கேட்கும் முன்பே சொல்லத் தயாராக இருங்கள்.

"நாங்கள் செய்தோம்"

மெஷ் யார் போட்டது, லோடு யார் எடுத்தது, ரிப்போர்ட் யார் எழுதியது? உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்.

பழைய நிறுவனத்தின் ட்ராயிங்கைக் காட்டுவது

வேண்டாம். அதைக் காட்டுகிறவர் நாளை இங்கிருந்தும் எடுத்துப்போவார் என்றே நினைப்பார்கள். நீங்களே வரைந்த ஒரு எளிய பாகம் போதும்.

அமெரிக்க வேலை விளம்பரத்தை முழுதாகப் படிக்காமல் அனுப்புவது

ராக்கெட், ராணுவத் தொழில்நுட்பம் தொடர்பான பணிகளில் ஐ.டி.ஏ.ஆர். என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாடு குறுக்கே நிற்கும். "யு.எஸ். பர்சன்" என்ற நிபந்தனை இருந்தால் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அங்கே அகதியாகவோ தஞ்சம் பெற்றோ இருப்பவர்கள் ஆகியோருக்கே இடம். எச்1பி வேலை விசா அதில் சேராது. விண்ணப்பிக்கும் முன் அந்த வரியைத் தேடுங்கள்.

தெரியாததைச் சமாளிப்பது

"தெரியாது, ஆனால் இப்படித் தொடங்குவேன்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள்.