ஆஸ்திரேலியாவைச் சுற்றிவர மோட்டார்ஹோம்: வாடகையா, சொந்தமா?

ஆஸ்திரேலியாவின் கரையோரமாகக் கண்டத்தையே சுற்றி ஓடும் முதலாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் நீளமுடையது. 'பிக் லேப்' என்று அந்நாட்டார் சொல்லும் அந்தச் சுற்றுப்பயணத்தை, படுக்கையும் அடுப்படியும் உள்ளேயே அமைந்த மோட்டார்ஹோம் என்னும் வண்டியில் போய்வர வேண்டும் என்னும் ஆசை, பணி ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமன்றி, பள்ளி செல்லும் பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் ஒன்றாக அழைத்துச் செல்ல நினைக்கும் குடும்பங்களுக்கும் உண்டு. ஆசை வந்தவுடன் பெரும்பாலோர் வண்டிகளின் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் வாடகையா சொந்தமா என்பதை முடிவு செய்வது வண்டியை வாங்கும் விலையன்று. கையில் இருக்கும் விடுப்பு நாட்களும், பயணம் முடிந்து வண்டியை விற்கும்போது கிடைக்கப்போகும் தொகையுமே அதை முடிவு செய்கின்றன.

விடுப்பிலிருந்து தொடங்குவோம். ஒரே நிறுவனத்தில் பத்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஏறத்தாழ 8.67 வாரங்கள் 'லாங் சர்வீஸ் லீவ்' கிடைக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவில் அது 13 வாரங்கள். 8.67 வாரம் என்பது சுமார் 61 நாள். அந்த 61 நாளில் 14,500 கிலோமீட்டரை முடிப்பதென்றால் ஒரு நாள் கூட ஓரிடத்தில் தங்காமல் தினமும் 238 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பாதி நாட்கள் தங்கிப் பார்ப்பதென்றால் மற்ற நாட்களில் 475 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பின்னிருக்கையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த வேகத்தில் போவது பயணமாகாது, சரக்குப் போக்குவரத்தாகிவிடும். ஆகவே இரண்டு மாதம்தான் விடுப்பு என்றால் முழுச் சுற்று என்னும் எண்ணத்தை விட்டுவிட்டு, அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வழியாக டார்வின் வரை, அல்லது சிட்னியிலிருந்து கெய்ர்ன்ஸ் வரை என்று ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அப்படிப்பட்ட ஒருவழிப் பயணத்துக்கு வாடகை வண்டிதான் பொருந்தும். ஓரிடத்தில் எடுத்து வேறோர் ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும், வந்த வழியே 3,000 கிலோமீட்டர் திரும்பி ஓட்டுவதைவிட அது மலிவு.

பாதிச் சம்பளத்துக்கு இரட்டிப்புக் காலம் விடுப்பு எடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டாலோ, வேலையையே விட்டுவிட்டுக் கிளம்புவதானாலோதான் வாங்குவதைப் பற்றிய கணக்குக்கு வேலை வருகிறது. அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டு வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, அவரவர் பெறும் விலைப்புள்ளிகளை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு பேருக்கான ஒரு மோட்டார்ஹோமின் வாடகை, விபத்துப் பொறுப்பைக் குறைப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு 250 டாலர் என்று கொள்வோம். 61 நாளுக்கு 15,250 டாலர். 120 நாளுக்கு 30,000 டாலர். அதே அளவுள்ள பழைய வண்டியை 90,000 டாலருக்கு வாங்கி, பயணம் முடிந்தபின் 80,000 டாலருக்கு விற்பதாக வைத்துக்கொண்டால் தேய்மானம் 10,000. பெயர் மாற்றும்போது கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை 3,500, பதிவுக் கட்டணம் 1,200, முழுக் காப்பீடு 1,500, டயரும் பழுதுபார்ப்பும் 4,500. வங்கியில் 5 விழுக்காடு வட்டிக்கு இருந்திருக்கக்கூடிய 90,000 டாலர், வாங்குவதற்கும் விற்பதற்கும் ஆகும் வாரங்களையும் சேர்த்து ஆறு மாதம் வண்டியில் முடங்கிக் கிடப்பதால் இழக்கும் வட்டி 2,250. இதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எல்லாம் சேர்ந்து 22,950 டாலர் ஆகிறது. எரிபொருளும் தங்குமிடக் கட்டணமும் இரண்டுக்கும் பொது என்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

ஆக, இந்த எடுத்துக்காட்டில் 91 நாள் வரை வாடகை மலிவு, அதற்கு மேல் சொந்த வண்டி மலிவு. ஆனால் இந்த 91 என்னும் எண்ணை நம்பிவிடக் கூடாது. விற்கும்போது 80,000 கிடைக்காமல் 70,000 மட்டும் கிடைத்தால் செலவு ஏறத்தாழ 33,000 டாலராகிவிடும். நான்கு மாதப் பயணத்துக்கும் அப்போது வாடகையே மேல் என்றாகிவிடும். மற்ற செலவுகளில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் சில நூறு டாலர்தான் மிஞ்சும். விற்பனை விலையில் வரும் ஏற்ற இறக்கமோ பல ஆயிரம். எனவே வாங்குவதென்று நினைப்பவர் ஒரு வண்டியைப் பார்க்கப் போகுமுன், அதே மாடல், அதைவிட ஓராண்டு பழையது, நாம் ஓட்டப்போகும் 20,000 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியது என்ற நிலையிலுள்ள வண்டிகள் விளம்பரங்களில் என்ன விலைக்கு, எத்தனை வாரமாக விற்காமல் நிற்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். ஃபியட் டுகாட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் போன்ற அறிமுகமான அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட வண்டிக்கு ஆள் கிடைப்பது எளிது. ஒருவர் தம் விருப்பத்துக்குத் தாமே உள்ளே மரவேலை செய்து மாற்றியமைத்த பேருந்துக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அதே விருப்பம் உள்ள இன்னொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

குடும்பமாகப் போகிறவர்கள் விலைக்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 'ஆறு பேர் படுக்கலாம்' என்று விளம்பரம் செய்யப்படும் வண்டியில் சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் நான்கோ ஐந்தோதான் இருக்கக்கூடும். படுக்கை எண்ணிக்கைக்கும் ஓட்டத்தின்போது சட்டப்படி உட்காரக்கூடியவர் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும் என்பது ஆஸ்திரேலியச் சட்டம். அந்த இருக்கையின் மேல்வாரை மாட்டுவதற்கான கொக்கி, சாப்பாட்டு மேசைக்குப் பின்னுள்ள எல்லா இருக்கைகளிலும் இருப்பதில்லை. பக்கவாட்டில் பார்த்தபடி அமரும் இருக்கை குழந்தை இருக்கைக்கு ஆகவே ஆகாது. வாடகைக்கு எடுப்பதானால் குழந்தைகளின் வயதைச் சொல்லி எந்த இருக்கையில் எந்த வகையைப் பொருத்தலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாங்குவதானால் நம் வீட்டுக் குழந்தை இருக்கையையே எடுத்துப்போய் அங்கேயே மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

சமையலையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் நீண்ட பயணத்தில் நம்மவர் வண்டியை வெறுப்பதும் விரும்புவதும் பெரும்பாலும் அடுப்படியால்தான். பல வாடகை வண்டிகளில் சுவரிலுள்ள 240 வோல்ட் பிளக்குகள், மின்னிணைப்புள்ள தங்குமிடத்தில் கம்பி மாட்டினால் மட்டுமே வேலை செய்யும். பேட்டரியில் ஓடுபவை விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவை மட்டும். ஆகவே மிக்ஸியும் ரைஸ் குக்கரும் வெட்டவெளித் தங்குமிடங்களில் அலமாரியில்தான் இருக்கும். மாவை அரைத்து எடுத்துப்போவதும் கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் வைப்பதுமே வழி. சொந்த வண்டியானால் லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் கூரைமேல் சூரியத் தகடும் போட்டு இதைச் சரிசெய்யலாம், ஆனால் அதற்குப் போடும் பணம் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. தாளிப்பு வாசனை மெத்தை உறையில் ஏறினால் வாடகை நிறுவனம் துப்புரவுக் கட்டணம் கேட்கலாம் என்பதால், வெளியே சமைக்க ஒரு தனி அடுப்பு வைத்துக்கொள்வது இரண்டு வகையிலும் நல்லது.

வாடகை ஒப்பந்தத்தில் பெரிய எழுத்திலுள்ள தினவாடகையைவிட, விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் இருப்பதே முக்கியம். நான்கு சக்கர இயக்கம் இல்லாத மோட்டார்ஹோம்களைத் தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்பது ஏறக்குறைய பொது விதி. முகாமிடத்துக்குச் செல்லும் குறுகிய மண்சாலைக்கு மட்டும் சிலர் இடம் கொடுப்பார்கள். கூரையும் அடிப்பாகமும் அடிபட்டால், முழுப் பாதுகாப்புக்குப் பணம் கட்டியிருந்தாலும், சில ஒப்பந்தங்களில் அது நம் தலையில்தான் விழும். மரக்கிளையும் பெட்ரோல் நிலையத்துக் கூரையும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டிக்கு எளிதில் தட்டுப்படுபவை. கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரமென்பதால், நகர எல்லைக்கு வெளியே பொழுது சாய்ந்தபின் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. இவை எவையும் நியாயமற்றவை அல்ல, ஆனால் பாதை வகுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியான கிம்பர்லியின் கிப் ரிவர் சாலை போன்ற கரடுமுரடான தடம்தான் கனவு என்றால், அதற்கு மோட்டார்ஹோமே சரியான வண்டியன்று என்பதால், வாடகையா சொந்தமா என்ற கேள்வியே அங்கு எழாது.

வாங்குவதென்று முடிவானால் முதல் எதிரி தண்ணீர். வெளியில் பளபளப்பாக இருக்கும் வண்டியின் சுவருக்குள் மழைநீர் கசிந்து மரச்சட்டம் உளுத்துப் போயிருக்கலாம். சன்னல்களின் கீழ்மூலையிலும், கூரைச் சன்னலைச் சுற்றியும், படுக்கைக்கு அடியிலுள்ள மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பலகை மெத்தென்று அமுங்கினாலும், கதவைத் திறந்தவுடன் பூஞ்சை வாசனை அடித்தாலும், ஓரிடத்தில் மட்டும் கசிவை அடைக்கும் சிலிக்கோன் பசை புதிதாகப் பூசப்பட்டிருந்தாலும், ஈரப்பதமானியுடன் ஒரு வல்லுநரை வரவழைக்காமல் பேரம் பேசக் கூடாது. டயரில் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. மோட்டார்ஹோம்கள் ஆண்டில் பல மாதம் நின்றே கிடப்பதால் டயர்கள் தேய்வதற்கு முன் வயதாகி வெடிக்கின்றன. பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

அடுத்தது எடை. சாதாரணக் கார் உரிமத்தில் 4.5 டன் மொத்த எடை அனுமதியுள்ள வண்டி வரை ஓட்டலாம். பல மோட்டார்ஹோம்கள் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்குமாறே கட்டப்படுகின்றன. வெற்று வண்டியின் எடையை அனுமதியிலிருந்து கழித்தால் மிஞ்சுவதில்தான் 120 லிட்டர் தண்ணீரின் 120 கிலோவும், ஆட்களும், அரிசி மூட்டையும், மிதிவண்டிகளும் அடங்க வேண்டும். விற்பவரின் பேச்சை விட்டுவிட்டு, எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குவதே நம்பத்தக்கது. வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, அது திருட்டு வண்டியா என்பதை 'பி.பி.எஸ்.ஆர்.' என்னும் அரசுப் பதிவேட்டில் 2 டாலர் கட்டித் தேடிப் பார்க்கலாம்; அடமானம் நீங்காத வண்டியை வாங்கினால் கடன் கொடுத்தவர் அதை நம்மிடமிருந்தே எடுத்துச் செல்ல முடியும்.

பதிவு எந்த மாநிலத்தில் என்பதும் விலையில் சேர்ந்த விஷயமே. விக்டோரியாவில் பெயர் மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்னும் சான்று வேண்டும், குயின்ஸ்லாந்தில் விற்பனைக்கு வைக்கும்போதே பாதுகாப்புச் சான்றும் கேஸ் இணைப்புக்கான சான்றும் வேண்டும், மேற்கு ஆஸ்திரேலியாவில் நடப்பிலுள்ள உள்ளூர்ப் பதிவைப் பெயர் மாற்றச் சோதனை வேண்டியதில்லை. மெல்பர்னில் வாங்கிய வண்டியைச் சுற்றின் பாதியில் பெர்த்தில் விற்க நினைத்தால், வாங்குபவர் அதைச் சோதனைக்கு விட்டு அங்கே புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலின் விலையை அவர் நம்மிடம்தான் கழிப்பார். எனவே சொந்த வண்டிக்காரர் வாங்கிய மாநிலத்துக்கே திரும்பி வந்து விற்குமாறு பாதையை வகுத்துக்கொள்வது நல்லது.

இரண்டுக்கும் நடுவே மனம் ஊசலாடினால், வாங்க நினைக்கும் அதே அமைப்புள்ள வண்டியை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட வேண்டும், அதிலும் மழைக்காலமாக இருந்தால் நல்லது. கழிவறைப் பெட்டி இருபது லிட்டருக்கும் குறைவாகவே கொள்ளும் என்பதால் நால்வர் குடும்பத்தில் ஓரிரு நாளுக்கொருமுறை யாராவது அதை எடுத்துப்போய்க் கொட்ட வேண்டும். அந்த யாராவது யார் என்பது அந்த வாரத்தில் தெளிவாகிவிடும். வண்டிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்க்க நிறுவனங்கள் நாளொன்றுக்கு ஒரு டாலர் போன்ற சொற்ப வாடகைக்கு விடும் வாய்ப்புகளும் அவ்வப்போது வரும். நாட்கள் குறைவு, பாதையும் நம் விருப்பமன்று என்றாலும், பார்த்துப் பழக அதைவிட மலிவான வழியில்லை.

எப்போது கிளம்புவது என்பதை வெயிலும் மழையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வடக்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ககாடு போன்ற இடங்களில் சாலைகள் மூடப்படும். மே முதல் வறண்ட பருவம் தொடங்கும்போது தெற்கிலுள்ளோர் வடக்கு நோக்கிக் கிளம்புவதால் ப்ரூமிலும் டார்வினிலும் தங்குமிடங்கள் நிறைந்துவிடும், வாடகையும் ஏறும். அந்தப் புறப்பாட்டுக்காக மார்ச், ஏப்ரலில் வண்டி தேடுபவர்கள்தான் நல்ல விலை தருபவர்கள். ஆகவே நான் வாங்குவதானால் குளிர்காலம் தொடங்கிச் சந்தை ஓய்ந்திருக்கும் ஜூன், ஜூலையில் தெற்கில் வாங்கி, அடுத்த இலையுதிர்காலமான மார்ச், ஏப்ரலில் விற்பேன். விற்ற அன்றே மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு விற்பனை அறிவிப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். இல்லையென்றால் புதியவர் வாங்கும் வேக அபராதச் சீட்டுகளும் சுங்கச்சாலைப் பாக்கிகளும் பழைய முகவரிக்கே வந்துகொண்டிருக்கும்.