சர்வர் ஓஎஸ் போடுமுன் முடிவுத் தேதியைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சிறிய அளவில் இணையச் சேவை நடத்துகிறீர்களா? சர்வருக்கு ஓஎஸ் (இயங்குதளம்) தேர்ந்தெடுக்கும்போது, பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்பதை முதலில் பாருங்கள்.

டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது), ரேடியஸ் (வாடிக்கையாளரின் உள்நுழைவைச் சரிபார்ப்பது) வேலைக்கு டெபியன் என்ற இலவச லினக்ஸ் ஓஎஸ்ஸின் ஸ்டேபிள் (நிலையான) பதிப்பு தாராளமாகப் போதும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு நீண்டகால ஆதரவையும் சேர்த்து 2030 வரை அப்டேட் உண்டு. அதுவரை மென்பொருள்களின் பதிப்பு பெரும்பாலும் மாறாது, அதனால் ஒரு அப்டேட்டில் எல்லாம் படுத்துவிடும் என்ற பயம் குறைவு. சென்ட்ஓஎஸ் 8 என்ற இன்னொரு லினக்ஸ் ஓஎஸ் அப்படியில்லை. 2029 வரை அப்டேட் வரும் என்றார்கள், 2021 இறுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்டேட்டைத் தென்னாப்பிரிக்காவிலேயே உள்ள மிரரிலிருந்து (நகல் சர்வரிலிருந்து) இறக்கினால் கடல்கடந்த பேண்ட்வித்தும் மிச்சம்.

பில்லிங் மென்பொருள் ரெட்ஹேட் வகை லினக்ஸில் மட்டும்தான் ஓடும் என்றால் டெபியன் பொருந்தாது, அந்த வகையைச் சேர்ந்த இலவச அல்மாலினக்ஸ் போடுங்கள். நெட்வொர்க் கார்டு புத்தம்புதிது என்றால், டெபியன் ஸ்டேபிளின் கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதியில்) அதற்கு டிரைவர் இருக்கிறதா என்று வாங்குமுன்பே பார்த்துவிடுங்கள்.