காலி ஃபோல்டரையும் பேக்கப் எடுக்கும்: ரெஸ்டிக்கை கிளவுடோடு இணைத்த கதை

எனக்குத் தொழில் புத்தக வடிவமைப்பு. பக்கங்களை ஸ்கிரைபஸில் கட்டுவேன், அட்டையை இங்க்ஸ்கேப்பில் முடிப்பேன். பதினைந்து வருட வேலை 180 ஜிபி, ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் கிடக்கிறது. "அக்கா, அந்தக் கவிதைத் தொகுப்பு ரீப்ரிண்ட் போறோம், ஃபைல் இருக்கா?" என்று ஃபோன் வந்தால், இருக்கு என்று சொல்லியாக வேண்டும்.

சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு முந்தைய ஒரு டிசம்பரில் அப்படிச் சொல்ல முடியாமல் போனது. ஃபோல்டர்களைக் கிளவுடுக்கு அனுப்பும் ஆர்குளோன் என்ற நிரலின் 'சிங்க்' கட்டளையை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் தினமும் ராத்திரி 2 மணிக்கு ஓடவிட்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் டிஸ்க் செத்துப்போனது. எனக்குத் தெரியாது, தூங்கப் போய்விட்டேன். டிஸ்க் போனாலும் அதை மவுண்ட் செய்யும் ஃபோல்டர், அதாவது அதன் கோப்புகள் வந்து தெரியும் ஃபோல்டர், லேப்டாப்பில் காலியாக நிற்கும் அல்லவா? சிங்க்கின் வேலை, இங்கே இருப்பதைப் போலவே கிளவுடிலும் ஆக்குவது. இங்கே ஒன்றுமில்லை, அங்கேயும் துடைத்துவிட்டது. பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியைக் காசு மிச்சம் என்று நானே அணைத்து வைத்திருந்தேன். ஆர்குளோன் மேல் குற்றமில்லை, சொன்னதைச் செய்தது. அதிலேயே 'காப்பி' என்ற கட்டளை எதையும் அழிக்காது. சிங்க்தான் வேண்டுமென்றால் 'மேக்ஸ்-டெலீட்' என்று ஓர் உச்சவரம்பு வைக்கலாம். நான் ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலுக்கு மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த நேரத்து நிலையைத் தனி ஸ்னாப்ஷாட்டாக வைத்துக்கொள்ளும், மாறாத துண்டுகளை மறுபடி ஏற்றாது, எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே பூட்டித்தான் வெளியே அனுப்பும்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன்; டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

நான் வைத்திருப்பது பேக்பிளேஸ் பி2 என்ற கிளவுட் சேமிப்பு. கணக்குத் தொடங்கி ஒரு பக்கெட் (கோப்புகள் போய்ச் சேரும் தொட்டி) உருவாக்குங்கள். அது பிரைவேட் என்றே இருக்கட்டும். பெயர் உலகம் முழுக்கத் தனித்ததாக இருக்க வேண்டும் என்பதால் 'பேக்கப்' என்று வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், யாரோ எப்போதோ எடுத்திருப்பார்கள். பிறகு அந்த ஒரு பக்கெட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் அப்ளிகேஷன் கீ ஒன்று, அதாவது நிரல் உள்ளே நுழைவதற்கான சாவி. கணக்கு முழுவதையும் திறக்கும் மாஸ்டர் கீயை ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் கோப்பில்) போடவே போடாதீர்கள். கீயின் ரகசியப் பகுதியைத் திரையில் ஒரே ஒரு தடவைதான் காட்டுவார்கள், அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெஸ்டிக்கில் பி2-வுக்கென்றே ஒரு வழி உண்டு. ஆனால் பி2-வும் புரிந்துகொள்ளும், அமேசானின் கிளவுட் சேமிப்பு முறையான எஸ்3 வழியாகப் போகத்தான் ரெஸ்டிக்கின் கையேடே சொல்கிறது. நானும் அப்படித்தான். முகவரி இப்படி அமையும்: முதலில் எஸ்3, அடுத்து ஒரு முக்காற்புள்ளி, பிறகு பக்கெட் பக்கத்தில் காட்டும் எண்ட்பாயிண்ட் என்ற சர்வர் பெயர், ஒரு சாய்கோடு, பக்கெட்டின் பெயர். இந்த முகவரி, கீயின் இரண்டு பகுதிகள், பாஸ்வேர்டு இருக்கும் கோப்பின் இடம் ஆகிய நான்கையும் சூழல் மாறிகளாக (நிரல் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் அமைப்புகளாக) ஒரே கோப்பில் எழுதி, உங்களைத் தவிர வேறு யாரும் படிக்காதபடி 'சிஹெச்மாட் 600' போட்டுவிடுங்கள். பிறகு பக்கெட்டில் பேக்கப்புக்கான இடத்தை உருவாக்க 'ரெஸ்டிக் இனிட்'. ஒரு தடவைதான்.

பாஸ்வேர்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது தொலைந்தால் ரெஸ்டிக்கை எழுதியவர்களாலும் திறக்க முடியாது. அது லேப்டாப்பில் மட்டும் இருந்து, அந்த லேப்டாப்பே போய்விட்டால், பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். என்னுடையது ஒரு தாளில் எழுதி அம்மாவின் நகைப்பெட்டியில் இருக்கிறது. அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது, ஆனால் பத்திரம்.

முதல் பேக்கப்புக்கு அவசரப்படாதீர்கள். வீட்டு இணைப்பு முழுவதையும் விழுங்காமலிருக்க 'லிமிட்-அப்லோட்' 1500 என்று வைத்தேன். கணக்கு நொடிக்குக் கிலோபைட்டில். ராத்திரி 11 முதல் காலை 6 வரை ஓட்டினால் 38 ஜிபி போல ஏறும். ஐந்து ராத்திரி ஆனது. நடுவில் கரண்ட் போனால் கவலை வேண்டாம், மறுபடி ஓட்டும்போது ஏற்கெனவே ஏறிய துண்டுகளைத் தாண்டிப் போகும். பழைய பூட்டு ஒன்று (ஓடும்போது இன்னொரு வேலை குறுக்கிடாமலிருக்க ரெஸ்டிக் போட்டுவைக்கும் தடை) குறுக்கே நிற்பதாகச் சொன்னால், வேறெங்கும் ரெஸ்டிக் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு 'அன்லாக்' கொடுங்கள்.

இனி அந்தக் காலி ஃபோல்டர். இல்லாத ஃபோல்டரைக் கொடுத்தால்தான் ரெஸ்டிக் முறைக்கும். காலி ஃபோல்டரைக் கொடுத்தால் சந்தோஷமாக ஒரு காலி ஸ்னாப்ஷாட் எடுத்து வெற்றி என்று சொல்லும். பழையவை உள்ளே இருக்கும்தான், ஆனால் எத்தனை நாளைக்கு? பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் கழிக்கும் 'ஃபர்கெட்' கட்டளைக்கு, தினசரி 7, வார 4, மாத 12 மட்டும் வைத்துக்கொள் என்று கொடுத்திருக்கிறேன். கவனிக்காமல் விட்டால் காலி ஸ்னாப்ஷாட்டுகள் வரிசையாக வந்து நல்லவற்றை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிடும். அதனால் என் ஸ்கிரிப்டின் முதல் வரி, 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையால் டிஸ்க் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. ஏறவில்லையா, அங்கேயே நிறுத்தி எனக்கு மெயில் போடும். அந்த ஒரு வரி அந்த டிசம்பரில் இருந்திருந்தால்...

க்ரானுக்கு உங்கள் டெர்மினலின் சூழல் மாறிகள் தெரியாது. ஸ்கிரிப்டுக்குள்ளேயே அந்தக் கோப்பைப் படிக்க வையுங்கள். ராத்திரி லேப்டாப்பை மூடிவைப்பவர்கள், க்ரானுக்குப் பதிலாக லினக்ஸின் சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' போட்டால், தவறிய வேலை மறுநாள் திறந்ததும் ஓடும். கழித்த ஸ்னாப்ஷாட்டுகளின் தரவை உண்மையிலேயே அழிக்க வாரம் ஒரு 'ப்ரூன்' போதும். எஸ்3 வழியில் ப்ரூன் அழிப்பவை பி2-வில் மறைந்துதான் இருக்கும், காசும் ஓடும். பக்கெட்டின் லைஃப்சைக்கிள் என்ற அமைப்பில் 30 நாள் கழித்து அவை போகும்படி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அந்தக் காசை மிச்சம் பிடிக்கவில்லை.

மாதம் ஒருமுறை 'செக்', கூடவே 'ரீட்-டேட்டா-சப்செட்' 5 சதவீதம். அது இல்லாத செக் கட்டமைப்பைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் தரவை இறக்கிப் பார்க்காது. அன்றே ஒரு புத்தகத்தை 'ரெஸ்டோர்' செய்து ஸ்கிரைபஸில் திறந்தும் பார்ப்பேன்.

முதல் தடவை பார்த்தபோது 'கொலுசு' என்று பெயர் வைத்த ஃபோல்டரை 'இன்க்ளூட்' போட்டுக் கேட்டேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, வந்து விழுந்தது காலி ஃபோல்டர். ஒரு நிமிடம் வயிறு கலங்கிவிட்டது. 'ரெஸ்டிக் எல்எஸ் லேட்டஸ்ட்' போட்டால் பட்டியலில் கொலுசு தெளிவாக இருக்கிறது! விஷயம் என்னவென்றால், அந்த ஃபோல்டர் பதிப்பகத்தின் பழைய மேக்கில் இருந்து வந்தது. அங்கே 'கொ'வின் கொம்பும் காலும் இரண்டு தனிக் குறிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன. என் லினக்ஸ் விசைப்பலகை இரண்டையும் ஒரே குறியாக எழுதும். கண்ணுக்கு ஒரே கொலுசு, ரெஸ்டிக்குக்கு வேறு வேறு. முதலெழுத்தை விட்டுவிட்டு, நட்சத்திரக் குறியோடு 'லுசு' என்று தேடினேன், வந்துவிட்டது. இப்போதெல்லாம் புது ஃபோல்டர்களுக்கு ஆண்டும் எண்ணும்தான் பெயர்.