ஸ்பிரிங் பட்டையை மாற்றினேன், டேங்கையும் நகர்த்தினேன்

பூப்பாறை ஏலத்தோட்டத்துக்கு மருந்து டேங்கை டிரெய்லரில் வைத்து பிக்கப்பில் இழுக்கிறேன். மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், ஸ்டீயரிங் லேசாகும்; போடிமெட்டு வளைவில் எதிரே வருபவர் கண்ணில் ஹெட்லைட் அடிக்கும்.

பிக்கப்பின் பின்சக்கர ஸ்பிரிங் இரும்புப் பட்டைகளின் அடுக்கு; அதில் தடித்த பட்டை ஒன்றைச் சேர்த்தேன். தப்பு. காலி வண்டி தோட்டப் பாதையில் துள்ளித் துள்ளிப் பிடியை விட்டது. அதைக் கழற்றிவிட்டு, பாரத்தில் அமுங்கினால் மட்டும் தாங்கும் ஹெல்ப்பர் பட்டையும் புது ஷாக் அப்சார்பரும் போட்டேன். துள்ளல் நின்றது.

அப்புறம் டேங்கை நிரப்பி, டிரெய்லரின் கொக்கி முனையை வீட்டு எடை மெஷின் மேல் கட்டை வைத்து இறக்கினேன். 130 கிலோ! மொத்தம் 600 கிலோ டிரெய்லருக்குக் கொக்கியில் 60 முதல் 90 தான் சரி. டேங்கை ஒரு சாண் பின்னால் தள்ளினேன், 75 ஆனது. அதற்கு மேல் தள்ளாதீர்கள், இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டும்.