டர்பன் வெக்கையில் ஸ்ட்ரெய்ட்னர் வாங்குவது: முடி வகை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

டிசம்பர் பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காலையில் அயர்ன் செய்த முடி மத்தியானத்துக்குள் பொங்கி நிற்கும். தைப்பூசக் காவடிக்குப் போகிற அன்று கேட்கவே வேண்டாம். உடனே "மெஷினுக்குச் சூடு பத்தல" என்று 230 டிகிரி போகிற மாடலைத் தேடுகிறார்கள். குற்றம் மெஷினில் இல்லை. முடிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகளைச் சூடு தளர்த்துகிறது. முடி ஆறும்போது இருந்த நிலையிலேயே அவை மறுபடி பிடித்துக்கொள்கின்றன. காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் அதே பிணைப்புகள் திரும்பவும் விட்டுப்போகும். சூட்டை ஏற்றி இதை வெல்ல முடியாது, முடி கருகுவதுதான் மிச்சம். அதே தலையோடு குளிர்காலத்தில் லெனேஷியாவுக்குப் போய்ப் பாருங்கள், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து வறண்ட காற்றில் அடுத்த நாளும் முடி நேராகவே நிற்கும்.

ஆகவே ஊரின் ஈரத்தை முடியில் தடவுகிற சிலிகோன் சீரத்திடம் விட்டுவிட்டு, மெஷினை முடியைப் பார்த்து வாங்குங்கள்.

படி 1: ஒற்றை முடியைப் பாருங்கள்

பலரும் சறுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜடை கைப்பிடி கனம் இருந்தால் "எனக்குத் தடிமனான முடி" என்று முடிவு கட்டிவிடுகிறோம். தலையில் எத்தனை முடி இருக்கிறது என்பது வேறு, ஒவ்வொரு முடியும் எவ்வளவு தடிமன் என்பது வேறு. நம்மவர்களில் அடர்த்தி நிறைய, இழை நடுத்தரம் என்பது சாதாரணம். சூடு தாங்கப்போவது அந்த ஒற்றை இழைதான்.

தலைக்குக் குளித்து, எண்ணெய் எதுவும் வைக்காமல் நன்றாகக் காய்ந்தபின், சீப்பில் வந்த முடி ஒன்றை எடுங்கள். காது ஓரத்து முடி வேண்டாம், அது பூனை முடி, ஏமாற்றும். உச்சியிலோ பின்தலையிலோ வந்ததாக இருக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய இழை. மெதுவாகத் தட்டுப்பட்டால் நடுத்தரம். நரம்பு மாதிரி விறைப்பாக உருண்டால் கோரை. தலையின் நாலு பக்கத்திலிருந்தும் எடுத்துப் பாருங்கள், ஒரே தலையில் இரண்டு வகை இருப்பதும் உண்டு. அப்படியானால் மெல்லியதற்கு ஏற்ற மெஷினையே வாங்குங்கள்.

சுருளை வைத்து எடைபோட வேண்டாம். இறுக்கமான சுருட்டை முடி பல சமயம் மெல்லிய இழையாகவே இருக்கும், வளைகிற இடங்களில் எளிதில் ஒடியும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் வீடியோக்களையும் விடுங்கள். துளி எண்ணெய்ப் பசை இருந்தாலே எந்த முடியும் மிதக்கும்.

படி 2: சூடு எவ்வளவு

மெல்லிய இழை, பிளீச் செய்தது, ரிலாக்ஸர் (சுருளை நேராக்கும் ரசாயனம்) போட்டது: 130 முதல் 150 டிகிரி. நடுத்தரம்: 160 முதல் 180. கோரை, அதுவும் சாயம் போடாதது: 180 முதல் 200. அதற்கு மேல் வீட்டில் வேலையே இல்லை. சலூனில் 230 வைக்கிறார்களே என்றால், அது பெரும்பாலும் கெரட்டின் ட்ரீட்மென்டை முடியில் ஏற்றுவதற்காக. தினசரி அயர்னுக்கு அது அளவுகோல் இல்லை.

அதனால் டிகிரியை எண்ணில் காட்டுகிற மெஷினாக வாங்குங்கள். ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரிகிற மலிவு ரகத்தில் சூடு எங்கே நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. ஜிஹெச்டி (ghd) என்கிற பிராண்டின் வழக்கமான மாடல்கள் 185 டிகிரியில் நிலையாக நிற்கும், ஏற்றவோ இறக்கவோ முடியாது. கோரைக்கு அருமையான மெஷின், நடுத்தர இழைக்குச் சொன்ன அளவை ஐந்து டிகிரிதான் தாண்டும். பிளீச் செய்த மெல்லிய முடிக்கு, எவ்வளவு பேர் புகழ்ந்தாலும், நான் சொல்லமாட்டேன். அதன் போலிகளும் நிறைய உலவுகின்றன, தெருக்கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால் கையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

படி 3: பிளேட்

அகலம்: தோளுக்கு மேலே நிற்கிற முடிக்கும் தோள்வரை உள்ளதற்கும் 25 மில்லிமீட்டர் போதும். இடுப்புவரை அடர்த்தியாக இருந்தால் 38 முதல் 45. நெற்றி முடிக்கும் குட்டை வெட்டுக்கும் 15. ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் 25 வாங்குங்கள். அகலப் பிளேட் வேர்ப்பக்கம் போகாது, தலைத்தோலைச் சுடும்.

பொருள்: செராமிக் சூட்டை ஒரே சீராகப் பரப்பும், புதிதாகத் தொடங்குபவருக்கு அதுதான். டைட்டானியம் சட்டென்று சூடேறி அதே வேகத்தில் முடிக்குள் கடத்தும். கோரை முடிக்காரருக்கு நேரம் மிச்சம். கை பழகாதவர் ஓரிடத்தில் இரண்டு நொடி கூடுதலாக நிறுத்தினால் கருகல் வாடை வந்துவிடும். டூர்மலின் என்கிற கனிமம் கலந்தது என்றால் நல்லது, அதற்காகத் தனி விலை கொடுக்கவேண்டியதில்லை.

கவனிக்கவேண்டியது பூச்சு. மலிவு மெஷின்களில் அலுமினியத்தின் மேல் மெல்லிய செராமிக் பூச்சு மட்டும் இருக்கும். அது ஓரத்தில் பெயர்ந்ததும் முடி மாட்டும், அந்த இடத்தில் சூடும் ஏறுமாறாகும். பெயர்ந்த பிளேட்டை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

கடையில் டெமோ மெஷின் இருந்தால் (கிளிக்ஸ், டிஸ்கெம் மருந்துக்கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்) பிளேட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் முடியை அது முழுசாகக் கவ்வாது, நாலு தரம் இழுக்க வேண்டிவரும். பிளேட்டை விரலால் அமுக்கினால் இம்மியளவு உள்ளே போய்த் திரும்ப வேண்டும்.

படி 4: பிளக்கும் மின்சாரமும்

இங்கே தென்னாப்பிரிக்காவில் 230 வோல்ட். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிற சொந்தக்காரர் வாங்கி வந்ததில் 110–120 என்று மட்டும் எழுதியிருந்தால் நம் சாக்கெட்டில் செருகாதீர்கள். பிளக்கை மாற்றுகிற அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. 110–240 என்றிருந்தால் பயமில்லை.

லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) பார்த்த ஊர் இது. தட்டுகிற ஸ்விட்ச் உள்ள மெஷின் கரண்ட் போகும்போது ஆன் நிலையிலேயே நிற்கும். நீங்கள் மறந்து வெளியே போனபின் கரண்ட் வந்தால் படுக்கைமேல் தானாகச் சூடேறும். அமுக்கி ஆன் செய்கிற டிஜிட்டல் பட்டன் மாடல்கள் பெரும்பாலும் அணைந்தபடியே இருக்கும். தானே அணைகிற வசதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 5: முதல் நாள்

பின்கழுத்துப் பக்கம் ஒரு சிறு கற்றையில் சோதியுங்கள். உங்கள் வகைக்குச் சொன்ன குறைந்த டிகிரியில் தொடங்கி, ஒரே தடவை நிதானமாக இழுங்கள். நேராகவில்லை என்றால் பத்து டிகிரி ஏற்றுங்கள். ஒரே இழுப்பில் நேராகிற மிகக் குறைந்த எண் எதுவோ அதுதான் உங்கள் எண், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 

முடி துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். "சொய்" என்று சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி முடித்தண்டிலேயே குமிழி விடும், அந்த இடத்தில் முடி பிறகு ஒடியும். டர்பனில் குளியலறையை விட்டு வெளியே வந்து அயர்ன் செய்வதே பாதி வெற்றி.

தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் வேண்டவே வேண்டாம். செக்கெண்ணெய் ஏறத்தாழ 175 டிகிரியில் புகையத் தொடங்கும். சூட்டுப் பாதுகாப்பு ஸ்ப்ரே தனி, அதில் டைமெத்திகோன் போன்ற சிலிகோன் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். ஸ்ப்ரே காய்ந்தபின்தான் அயர்ன். முடித்து, முடி முழுக்க ஆறியபின் இரண்டு சொட்டு சிலிகோன் சீரம் நுனியிலும் மேற்பரப்பிலும் தடவினால் வெளியீரம் புகுவது தாமதமாகும். ஆறுமுன் கொண்டை போட்டால் கொண்டையின் வளைவு அப்படியே பதிந்துவிடும்.

கேட்டதற்காகச் சேர்த்தது

ஹாட் பிரஷ் (சூடேறும் சீப்பு) போதுமா என்று பலர் கேட்கிறார்கள். நெளி முடிக்கும், முடி பொங்குவதை அடக்குவதற்கும் போதும். சுருட்டைக்குப் போதாது, பிளேட் மாதிரி இரண்டு பக்கமும் அழுத்தம் கிடையாது. பிளேட்டில் பழுப்பாகப் படிகிற பிசின் சீரமும் ஸ்ப்ரேயும் சேர்ந்து வெந்தது. பிளக்கைக் கழற்றி, ஆறியபின், சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். ஸ்பிரிட் முழுக்க உலர்ந்தபின்தான் மறுபடி செருக வேண்டும். கத்தியால் சுரண்டினால் பூச்சு போய்விடும்.