வீட்டைக் கிளினிக்காக மாற்ற அனுமதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் புறநோயாளி கிளினிக் தொடங்கும் டாக்டர்களில் பலர் புதுக் கட்டடம் கட்டுவதில்லை. அண்ணா நகரிலோ நங்கநல்லூரிலோ ஒரு பழைய தனி வீட்டைப் பிடித்து, அறைகளைப் பிரித்து, போர்டு மாட்டுகிறார்கள். மாநகராட்சி அனுமதி என்ற பேச்சு டைல்ஸ் ஒட்டி முடிக்கிற கட்டத்தில்தான் எழுகிறது. மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்தத் தாமதத்திலிருந்தே பிறக்கின்றன. குடியிருப்பு என்று அனுமதி பெற்ற கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தாலும், அது பயன்பாட்டு மாற்றம்தான். அதற்குத் தனியாக அனுமதி வேண்டும்.

முதலில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் மண்டலம் பார்ப்பது பலரும் செய்வது. சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த நில உபயோக மண்டலத்தில் வருகிறது என்பதை அது சொல்கிறது. எந்த மண்டலத்தில், எவ்வளவு அகலமான சாலையில், எவ்வளவு பரப்பில் என்ன நடத்தலாம் என்பதை 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. "பக்கத்து வீட்டிலேயே ஸ்கேன் சென்டர் ஓடுகிறதே" என்பது எந்த மேசையிலும் செல்லாத வாதம். அந்த வீட்டின் அனுமதி வேறாக இருக்கலாம், அல்லது அவர்களிடம் அனுமதியே இல்லாமலும் இருக்கலாம். கதவு எண்ணை வைத்துத் தேடாதீர்கள். பழைய எண், புது எண் குழப்பத்தில் தவறான மனையைப் பார்த்துவிடுவோம். பட்டாவில் உள்ள சர்வே எண்ணைக் கொண்டு பாருங்கள். கிளினிக்குக்கு இடம் தராத மண்டலம் என்றால் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அது முடியும் வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. விண்ணப்பத்தில் உரிமையாளரின் கையெழுத்தும் மூலப்பத்திரமும் வேண்டும். கட்டடத்தை மருத்துவப் பயன்பாட்டுக்கு மாற்றச் சம்மதம், அதற்கான ஆவணங்களில் கையெழுத்திட ஒப்புதல், அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்ற வாசகம், இவை மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

சரி, மண்டலம் பொருந்துகிறது. அடுத்து பிளான். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

எண்பதுகளில் கட்டிய ஒரு வீட்டுக்குத் தரைத்தளம் மட்டும் அனுமதி வாங்கியிருப்பார்கள். அப்புறம் மகன் கல்யாணத்துக்கு மாடி எழும்பியிருக்கும். பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய செட்பேக் இடத்தில் ஷீட் போட்டு ஸ்டோர் ரூம் வந்திருக்கும். மாடிப்படி வெளியே மாறியிருக்கும். வீடாக இருந்தவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கிளினிக் என்று விண்ணப்பம் போட்டதும், ஆய்வுக்கு வருகிறவர் பழைய பிளானைக் கையில் வைத்துக்கொண்டு இவை எல்லாவற்றையும் பார்ப்பார். அனுமதி பெற்ற பிளானை அப்படியே பிரதி எடுத்து, அதன்மேல் அறைகளைப் பிரித்து வரைந்து கொடுப்பது ஆகாத காரியம். முதலில் இருக்கிற கட்டடத்தை உள்ளபடி அளந்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். பழைய அனுமதியோடு அது எங்கே மாறுபடுகிறது என்று குறியுங்கள். எதை அகற்றுவது, எதை விதிக்குள் கொண்டுவர முடியும் என்று பதிவு பெற்ற பொறியாளரோடு உட்கார்ந்து முடிவு செய்த பிறகே புதுப் பிளான். மறைத்த ஷீட் கூரை ஆய்வு நாளில் வெளியே வரத்தான் செய்யும். அதைவிட, நாமே குறித்துக் காட்டி "இதை எடுத்துவிடுகிறோம்" என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

அடுக்குமாடியில் தரைத்தள பார்க்கிங்கை அடைத்து கிளினிக் ஆக்குவதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடம் வண்டி நிறுத்தத்தான் என்று காட்டித்தான் மொத்தக் கட்டடமும் அனுமதி வாங்கியிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் உங்கள் அனுமதி மட்டுமல்லாமல், மேலே குடியிருப்பவர்களின் அனுமதியும் சிக்கலுக்கு உள்ளாகும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு உடனடியாக இணையத்தில் அனுமதி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அது குடியிருப்புக்கு மட்டும். வீடு என்று சான்று கொடுத்து அனுமதி வாங்கி கிளினிக் நடத்தினால், பொய்ச் சான்று கொடுத்ததாகிவிடும்.

சாய்தளம் விஷயத்தில் நான் பிடிவாதமாகப் பேசுவேன். மூட்டு வலியோடு வரும் பாட்டி, பக்கவாதத்துக்குப் பிறகு பிசியோதெரபிக்கு வருகிறவர், காலில் கட்டோடு வரும் இளைஞர், இவர்கள்தான் நம் நோயாளிகள். பிளானில் கடைசியாகச் சேர்க்கப்படுவதோ இவர்களுக்கான வழி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவைத் தாண்டக் கூடாது. ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். மழைத்தண்ணீருக்குப் பயந்து சென்னை வீடுகளைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவது வழக்கம். வாசல் இரண்டடி உயரத்தில் இருந்தால் சரிவு மட்டுமே 24 அடி. அதோடு மேலும் கீழும் திருப்பத்திலும் சமதளம் வேண்டும். அகலம் குறைந்தது 1.2 மீட்டர். அரை கிரவுண்டு மனையின் முன்பக்கத்தில் இது நேராக அடங்காது. மடித்துத் திருப்ப வேண்டும், அப்போது பார்க்கிங் இடம் குறையும். பார்க்கிங் குறைந்தால் வேறு விதி இடிக்கும். இதனால்தான் சாய்தளத்தை முதலில் வரைந்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமைக்க வேண்டும் என்கிறேன். படியின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவு பூசி "ராம்ப் இருக்கிறது" என்று காட்டுவது ஆபத்து. அதில் நாற்காலி பின்னால் சாயும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 44-ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத பிளானுக்குக் கட்ட அனுமதி தரக் கூடாது என்கிறது. இந்த விதிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் சொல்லியிருக்கிறது. கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர், ஒரு கழிப்பறையிலாவது நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம், இவற்றை வரைபடத்திலேயே குறியுங்கள். லிஃப்ட் வைக்க இடமில்லை என்றால் டாக்டர் அறைகளைத் தரைத்தளத்தில் வைத்து, கணக்கும் கோப்பும் மாடிக்குப் போகட்டும்.

கருவிகளை முடிவு செய்யாமல் சுவரை முடிவு செய்வது இன்னொரு பெரிய தவறு. எக்ஸ்ரே வரப்போகிறதென்றால் அறையின் அளவு, சுவரின் தடிமன், கதவில் ஈயத்தகடு எல்லாம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு ஏற்ப அமைய வேண்டும். உரிமம் அவர்களின் இ-லோரா தளம் வழியாக வாங்க வேண்டும். ஜிப்சம் தடுப்பு போட்டு அறை பிரித்த பிறகு எக்ஸ்ரே என்று யோசித்தால் இடிப்பதுதான் மிச்சம். அல்ட்ராசவுண்டுக்கு, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு இடத்துக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்தே தரப்படுகிறது. பழைய வீடுகளில் தூண்களே இருக்காது, ஒன்பது அங்குலச் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்கும். ஹாலைப் பெரிதாக்குகிறேன் என்று அதை உடைப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும்.

"ஓ.பி. தானே, தீ என்றால் நோயாளி எழுந்து ஓடிவிடுவார்" என்பார்கள். டயாலிசிஸ் ஊசியோடு படுத்திருப்பவர் ஓட முடியாது. எண்டோஸ்கோபிக்கு மயக்கம் கொடுக்கப்பட்டவரும் அப்படித்தான். இப்படியான சிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். வெறும் ஆலோசனை அறை என்று எழுதிவிட்டுப் பிறகு சேர்க்காதீர்கள். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது, இறந்தவர்கள் லிஃப்டில் சிக்கியிருந்தார்கள். ஜன்னல் எல்லாம் கம்பி, வெளியேற ஒரே வாசல், வீட்டு வயரிங்கில் ஐந்தாறு ஏசி என்ற அமைப்பு நம் ஊர்க் கிளினிக்குகளில் சாதாரணம். இரண்டாவது வாசலுக்கு இடம் விடுவதும் வயரிங்கை மாற்றுவதும் செலவுதான், ஆனால் அதில் பேரம் வேண்டாம்.

கழிவுக்கு இடம் ஒதுக்க மறந்துவிடுகிறார்கள். படுக்கை இல்லாத கிளினிக்குக்கும் 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். படுக்கை இல்லாதவர்களுக்கு அது ஒருமுறை வாங்கினால் போதும். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பூட்டு போட்ட, கழுவக்கூடிய ஒரு சிறு அறை, வண்டி வந்து எடுக்க நோயாளிகள் நடமாடாத வழி, இவை பிளானில் இருக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மாநகராட்சியோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வோ பிளானுக்கு ஒப்புதல் தந்ததும் எல்லாம் முடிந்ததாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கிளினிக்கைப் பதிவு செய்வது தனி வேலை. அதற்கு நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தை, அதாவது ஜே.டி. ஆபீஸை, அணுக வேண்டும். சொத்து வரியை மாற்றியெழுத வேண்டும். மின் இணைப்பும் அப்படித்தான். டாக்டர் தன் வீட்டோடு சேர்த்து வைத்திருக்கும் 200 சதுர அடிக்குள்ளான ஆலோசனை அறையை வீட்டு மின் கட்டணத்திலேயே நடத்தலாம். முழு வீட்டையும் கிளினிக் ஆக்கிவிட்டு அதே கட்டணத்தில் ஓட்ட முடியாது. இந்த எல்லா விண்ணப்பங்களிலும் கிளினிக்கின் பெயர், கதவு எண், சர்வே எண், பரப்பளவு ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒருவரே உட்கார்ந்து சரிபார்க்கட்டும். ஒரு தாளில் 1,150, இன்னொன்றில் 1,240 சதுர அடி என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

"இப்போது திறந்துவிடுங்கள், அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கொள்ளலாம்" என்று சொல்லும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். அனுமதி இல்லாத பயன்பாட்டுக்குப் பூட்டி சீல் வைக்கும் அதிகாரம் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. சீல் வைக்கிற நாளில் நோயாளிகளின் கோப்புகளும் தடுப்பூசிக் குளிர்பெட்டியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அனுமதி அலுவலகத்திலிருந்து குறைகளைச் சுட்டிக் கடிதம் வந்தால் பதற்றப்பட்டு ஆள் பிடிக்கப் போகாமல், ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணிட்டு, திருத்திய வரைபடத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பதில் வரும்வரை உள்ளே பெயிண்ட் வேலையைக்கூட ஆரம்பிக்க வேண்டாம்.