க்ரீமா, வெளிர் சந்தனமா? சுவரில் அடிக்கும் முன் இப்படிப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாசலுக்கு, அதாவது கூடத்துக்கு, ஷேடு கார்டைப் பார்த்து வெளிர் சந்தனம் எடுத்தோம். அடித்து முடித்ததும் முழங்கால் உயரம் வரை சுவர் ரோஸ் கலராகத் தெரிந்தது. பெயிண்டில் குறையில்லை. ரெட் ஆக்சைடு தரையில் பட்ட வெயில் சிவப்பாகச் சுவரில் ஏறியிருந்தது. கட்டைவிரல் அகல அட்டையில் இதெல்லாம் தெரியாது.

முதலில், இரண்டு நிறத்திலும் சின்ன டப்பா வாங்குங்கள். சுவரில் தீற்றிப் பார்க்க வேண்டாம், பழைய பச்சையோ நீலமோ கண்ணை ஏமாற்றிவிடும். இரண்டு வெள்ளை சார்ட் அட்டையில், ஓரம் இரண்டு அங்குலம் விட்டு அடியுங்கள். நாலு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், மறுநாள் பாருங்கள்.

அடுத்து, அட்டைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளை வையுங்கள். க்ரீமுக்குள் இருக்கும் மஞ்சளும் சந்தனத்துக்குள் இருக்கும் செம்பழுப்பும் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

இனிதான் முக்கியமான வேலை. இரண்டு அட்டையையும் ஒரே சுவரில் மூன்று இடத்தில் பிடியுங்கள்: தரையை ஒட்டி, கண் மட்டத்தில், கூரைக்குக் கீழே. காலை எட்டு மணி, உச்சி வெயில், மாலை ஐந்து, ராத்திரி என நாலு வேளையும் பாருங்கள். மேற்குச் சுவரில் ஜன்னல் இருந்தால் நம்ம ஊர் மாலை வெயிலில் இரண்டுமே ஒரு படி மஞ்சளாகும். குற்றாலச் சீசன் மேகமூட்டத்தில் சந்தனம் மங்கும். ராத்திரிக்கு என்ன பல்பு என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யில் சந்தனம் அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும், 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் அழகாக இருக்கும்.

சில கம்பெனிகள் நிறத்தோடு எல்.ஆர்.வி. என்றொரு எண்ணும் தருவார்கள். கருப்பு 0, தூய வெள்ளை 100. எண் கூடினால் சுவர் அதிக வெளிச்சத்தைத் திருப்பித் தரும். வரிசையாக ஒட்டிக் கட்டிய வளவு வீட்டில், ஜன்னலே இல்லாத நடு அறைக்கு எண் கூடியதையே எடுங்கள்.

என் முடிவு: ரெட் ஆக்சைடு தரைக்கு க்ரீம், வெள்ளை டைல்ஸுக்குச் சந்தனம். அடுக்களைக்கும் க்ரீம்தான் எனக்குப் பிடித்தது.

புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் 28 நாள் காய்ந்த பிறகே பிரைமர். நிறத்தின் பெயரோடு கோடு நம்பரையும் எழுதி வையுங்கள். ஒரு அறைக்கான டப்பாக்களை எல்லாம் ஒரே வாளியில் கலந்துகொண்டு அடிக்கச் சொல்லுங்கள்.